பாறைப் பக்கம் சாய வேண்டும்

ஒக்டோபர் 5, ஞாயிறு. தோர்ண்டன் ஹீத், லண்டன்.

ஸ்கொட்லாந்திலிருந்து வீடு வந்துவிட்டேன். உடம்பு இன்னும் ஆற்றிலேயே ஆடுகிறது.

ஆறு நுரைத்துப் பாயும் இடத்துக்கு முன்னால் வழிகாட்டிப் பெண் எல்லாம் சொன்னாள். அங்கே நிற்கும் கரும்பாறைகள் எரிமலைக் குழம்பு இறுகியவை. சுற்றியிருந்த மெல்லிய பாறையை ஆறு அரித்துவிட்டது, இவற்றை அரிக்க முடியவில்லை. அதனால்தான் அந்தக் கொந்தளிப்பு. கனூப் படகு பக்கவாட்டாகப் பாறையில் மோதினால் பாறைப் பக்கமே சாயுங்கள் என்றாள். தலையாட்டினோம். மோதியதும் நானும் தங்கச்சியும் பாறைக்குப் பயந்து மறுபக்கம் சாய்ந்தோம். சாய்ந்த பக்க விளிம்பால் தண்ணீர் ஏறிக் கனூ கவிழ்ந்தது.

லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் தங்கச்சி சொன்னாள்.

"அக்கா, எங்கட ஆக்களுக்கு உது சரிவராது. நான் இனி வரமாட்டன்."

"ஏன், தண்ணி ஆள் பாத்தே கவுக்குது?"

அவள் தன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அந்த "எங்கட ஆக்கள்"தான் குத்துகிறது. பயந்தது உண்மை. தமிழருக்குச் சரிவராது என்பது பொய். வீட்டுக்கு வந்ததும் சோபாவில் குந்தியிருந்து, கண்ணை மூடி, சுவரைப் பாறையாக நினைத்து அந்தப் பக்கம் சாய்ந்து சாய்ந்து பழகினேன். முதலில் உடம்பு மறுத்தது. பிறகு தானாகவே போனது. வரும் வசந்தத்தில் மறுபடியும் அதே ஆறு, அதே பாறை.

தங்கச்சியின் ஈரச் சப்பாத்து என் பையில் வந்துவிட்டது. கழுவி, என்னுடையதோடு ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எடுக்க வருவாள். வரட்டும். கனூவில் இருந்த மாதிரியே, சோபாவிலும் எனக்கு முன்னால் இருத்தி, சுவர்ப் பக்கம் சாயப் பழக்குவேன்.