பானெட்டுக்குள் கேட்ட சத்தம்

கார்த்திகை நாலு, செவ்வாய்

மூன்று நாளாக வேனின் பானெட்டுக்குள் டக் டக்கென்று சத்தம். இன்ஜின் போய்விட்டது, வண்டியை விற்க வேண்டியதுதான் என்று வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. பொம்மசந்திரா ஃபேக்டரிகளுக்கு வேலையாட்களை ஏற்றிப் போவதுதான் எங்கள் பிழைப்பு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து போய், சத்தம் எப்போதெல்லாம் வருகிறது என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

இன்று இவரோடு அடுகோடி போய் மெக்கானிக் பாயிடம் அதைப் படித்துக் காட்டினேன்.

"நிக்கும்போது இல்ல, ரோட்டுல ஹம்ப் ஏறி எறங்கும்போது மட்டும்தானா? அப்போ இன்ஜின் நல்லாத்தான் இருக்குதுக்கா. உள்ள ஏதோ லூஸா ஆடுது" என்றார்.

பானெட்டைத் திறந்து கையை விட்டார். வெளியே வந்தது என் பித்தளை வேல். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இவர் மறுபடி வேன் எடுத்த அன்று, யாருக்கும் தெரியாமல் மஞ்சள் கயிற்றில் நான் உள்ளே கட்டியது. சூட்டில் கயிறு கருகி அறுந்திருக்கிறது.

"முருகரா இவ்ளோ நாளா உள்ளேர்ந்து தட்டிட்டு இருந்தாரு?" என்று பாய் சிரித்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் இவர் கேட்டார்.

"அவ்ளோ பயமா இருந்துதா உனக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீங்க பயந்துடுவீங்களே."

"எனக்கு மட்டும் பயம் இல்லாமலா இருந்துது?"

பித்தளை வேலைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்போது சட்டை ஆணியில் தொங்குகிறது. பை மட்டும் கனத்து இறங்கியிருக்கிறது. காலையில் துவைக்கப் போடும் முன் மறக்காமல் மாற்றுச் சட்டையில் எடுத்து வைக்க வேண்டும், முருகா.