நாரியில் சுற்றிய எட்டு முழம்

விதைநெல் முளைகட்டுவதற்குப் பழந்துணி ஒன்று தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். அடியில், நீ இடுப்பில் சுற்றிக் கட்டும் நாரித் துணி கிடந்தது. பிரித்ததும் வேப்பெண்ணெய் மணம் வந்தது. நீ போய் மூன்று மாரி கழிந்தும் அந்த மணம் போகவில்லை. விதைநெல்லை மறந்து பெட்டியடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கோயிலுக்குக் கட்டுகிற என் வேட்டிதான் அது. நீளவாக்கில் நாலாக மடித்து நீ தைத்தபோது நான் முகத்தைச் சுளித்தேன். "சாமி உங்கட வேட்டியப் பாக்கவா இரிக்காரு? சாரத்தோட போங்க" என்றாய். உனக்குக் கர்ப்பப்பையை எடுத்து அப்போது ஆறு மாதம். மூன்று மாதத்தில் எல்லாம் சரியாகும் என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சரியாகவில்லை. அடிவயிற்றைப் பிடித்து, நாரியில் உளைந்து, தொடைவரை இழுத்தது. சோதித்துப் பார்த்த டாக்டர் காயம் நன்றாக ஆறிவிட்டது என்றார். வெளியே வந்து நீ சொன்னாய்: "காயம் ஆறிட்டாம். அத நோவுக்கிட்ட ஆரும் சொல்லல்ல போல."

விடிந்ததும் நமக்கு அதுதான் முதல் வேலை. துணியின் ஒரு முனையை நான் இழுத்துப் பிடிப்பேன். மறுமுனையை அடிவயிற்றில் வைத்து, நீ பம்பரம்போல் கிறுகிக் கிறுகி என்னை நோக்கி வருவாய். ஒவ்வொரு சுற்றுக்கும் துணி உன் நாரியில் இறுகும். "இன்னும் இறுக்குங்க. மூச்சு முட்டினாச் சொல்றன்" என்பாய். கட்டி முடித்தால் உலை வைக்கவும், வயல் வட்டைக்குச் சோறு கொண்டுவரவும் உன்னால் முடிந்தது. கட்டாத நாளில் சுவரைப் பிடித்துத்தான் நடப்பாய். ஒருவராகக் கட்டினால் அந்த இறுக்கம் வராது. நீ கதவு நிலையில் முடிந்து கட்டிப்பார்த்து, சரிவராமல் விட்டாய்.

மாதம் ஒருமுறை மருந்துக்குத் தோணியில் வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்குப் போக வேண்டும். துறையில் இறங்கியதும் சோதனைச்சாவடி. இடுப்பில் எதையாவது சுற்றிய பெண்ணைக் கண்டாலே குண்டோ என்று துவக்கு நிமிரும் சண்டைக்காலம் அது. தார்ப்பாய்ப் படங்கு மறைப்புக்குள் பெண் ஆமிக்காரர் உன்னைக் கூட்டிப்போவார்கள். ஆண்கள் வரிசையில் நான் அடையாள அட்டையைப் பிடித்தபடி நிற்பேன். நீ வெளியே வரும்போது துணி உன் கையில் தொங்கும். "சோதிக்கிற பிள்ளைக்கும் கை நடுங்குது, பாவம்" என்றாய் ஒருநாள். அவள் பாவம் பார்க்க வேண்டிய ஆள் நீயல்லவா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

முதல் தரமே கேட்டாய். "ஒருக்கா இதுல வச்சுக் கட்டி உடுங்களன். பஸ்ஸடி வரைக்கும் நடக்க ஏலாது."

சுற்றிப் பார்த்தேன். ஊர்ச் சனம், ஆமிக்காரர், மீன் விற்கிறவர்கள். அத்தனை பேருக்கு முன்னால் பெண்சாதியின் இடுப்பில் துணி சுற்றுவதா? "வீட்ட போய்க் கட்டுவம்" என்றேன். வெட்கம், வேறொன்றுமில்லை. நீ துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாய். அந்த வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் என்மீதே ஆத்திரம் வருகிறது.

நாலைந்து மாதத்தில் வரமாட்டேன் என்று நின்றாய். நான் கத்தினேன். "நோகுது எண்டுறாய், மருந்துக்கு வா எண்டா வாறாயில்ல. சோம்பலா?"

"நோவு பழகிட்டு. அவிழ்க்கிறதுதான் பழகுதில்ல" என்றாய். அன்றைக்கு வாக்குக் கொடுத்தேன். "இந்தமுற துறையிலயே கட்டி உடுறன். ஆர் பாத்தாலும் பாக்கட்டும்."

சொன்னபடி செய்யத்தான் போனேன். நீ மறைப்பிலிருந்து வந்ததும் முனையை வாங்கி இழுத்துப் பிடித்தேன். நீ சிரித்தபடி கிறுகத் தொடங்கினாய். இரண்டு சுற்று முடிந்திருக்கும். பின்னால் ஓர் ஆமிக்காரனின் அதட்டல், சிங்களத்தில். என்ன சொன்னான் என்று விளங்கவில்லை. என் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போய்விட்டன. துணியில் சாய்ந்து நின்ற நீ சேற்றில் விழுந்தாய். கையை இறக்கி உன்னைத் தூக்க எனக்குத் துணிவு வரவில்லை. குனியவே முடியாத நீ, நீயாகவே முழங்காலூன்றி எழும்பி, துணியையும் பொறுக்கினாய். அவன் வழியை விட்டு விலகத்தான் சொல்லியிருக்கிறான். மீன்காரி ஒருத்தி பிறகு சொன்னாள்.

திரும்பும்போது தோணியில் துணியை வாவித் தண்ணீரில் அலசினாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. "கைய உயத்தினது நல்லம். இல்லாட்டி மறுகா உங்களயும் நானெல்லோ தூக்கோணும்" என்றாய். தோணிக்காரன் சிரித்தான். எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு நீ மருந்துக்குப் போகவில்லை. நானும் கூப்பிடவில்லை. எதைச் சொல்லிக் கூப்பிடுவது? சாகும்வரை அந்த உளைவு உன்னை விடவில்லை. ஒவ்வொரு விடியலும் துணியைப் பிடித்தேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சண்டை முடிந்து, சாவடியையும் கழற்றிவிட்டார்கள். இப்போதும் யாராவது பின்னாலிருந்து சத்தமாகக் கூப்பிட்டால் என் கைகள் அசைகின்றன.

விதைநெல்லுக்குச் சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டேன். உன் துணியை மடித்து வைக்கப் பார்த்தால் மறுமுனை பிடிக்க ஆளில்லை. நீ அன்று செய்ததுபோல் கதவு நிலையில் அதை முடிந்துவிட்டு, நான் நிற்கும் இடத்தில் நின்று இழுத்துப் பிடித்தேன். வெளியே பக்கத்து வளவுக்காரன் என் பேரைச் சொல்லிக் கத்தினான். கை அசைந்தது. ஆனாலும் விடவில்லை. கிறுகி வரத்தான் நீ இல்லை.