மூக்கு இல்லாத குக்கர்

ராயபுரம்,
17.11.2006

அன்பு மகள் செங்கொடிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரில் சுகமாக இருக்கிறீர்களா. உயிரோடு என்று சும்மா எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை நடந்ததைப் படித்தால் உனக்கே தெரியும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன்.

போன வருஷக் காய்ச்சலில் எனக்கு வாசனையே தெரியாமல் போய், சோறு அடிப்பிடித்தாலும் தெரியவில்லை என்றுதானே நீ அந்தக் கரண்ட் குக்கரை அனுப்பினாய். அதைக் குறை சொல்ல மாட்டேன். அரிசிக்கு எவ்வளவு சூடு என்று தானே பார்த்துக்கொள்கிறது, வைத்த நேரத்துக்கு ஒரு பாட்டைப் பாடிவிட்டு வேலையைத் தொடங்குகிறது. அந்தப் பெருமையில் எனக்குத்தான் புத்தி கெட்டுப்போனது. எதிர்வீட்டு அஜீசுன்னிசா தினமும் வாசலில் நின்று கருகல், கேஸ் வாசனை ஏதாவது வருகிறதா என்று எனக்காக ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவாள் இல்லையா, அவளிடம் இனி நீ வர வேண்டாம், என் மகள் யோசிக்கிற மெஷினே அனுப்பிவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. பன்னிரண்டு நாள் எட்டிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை குக்கருக்குப் பதினொரு மணி வைத்துவிட்டு, அடுப்பில் பாலை ஏற்றிவிட்டு, கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பால் பொங்கி நெருப்பு அணைந்து, கேஸ் மட்டும் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும். தன் தூக்குச்சட்டியைத் திருப்பி வாங்கக் கோபமாக வந்த அஜீசுன்னிசாதான், இன்னாக்கா, வூடு பூரா கேஸு, நீ இன்னாடான்னா குந்திகினு கீரை ஆய்ஞ்சிகினு கீற என்று கத்தினாள். குக்கரை நிறுத்த ஓடினேன். சுவிட்சுல கை வெக்காதக்கா என்று என்னைத் தெருவுக்கு இழுத்துவந்தாள். அவள் வீட்டுக்காரர் கலீலுல்லா வெளியே மீட்டர் பெட்டியில் பியூஸைப் பிடுங்கினார். பதினொன்றாக மூன்றே நிமிஷம் இருந்தது, குக்கர் தொடங்கி ஒரு பொறி பறந்திருந்தால் வீடே வெடித்திருக்கும். பியூஸைப் பிடுங்கியும் அந்தப் பாட்டு வந்துவிடுமோ என்று காதைப் பொத்திக்கொண்டு தெருவில் நின்றேன். வரவில்லை. அவர்தான் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய் சிலிண்டரை மூடி, ஜன்னலெல்லாம் திறந்துவிட்டார்.

அடுத்து தானே அணைகிற அடுப்பு அனுப்புகிறேன் என்று முன்பே சொன்னாயே, அனுப்பாதே. நல்ல அடுப்பாகவே இருக்கட்டும், அதை நம்பி இன்னும் யாரை வர வேண்டாம் என்று சொல்வேனோ என்று பயமாக இருக்கிறது. அஜீசுன்னிசாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். போக்கா, பேஜாரு பண்ணாத என்றாள், மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றாள்.

இப்போது என் பயமெல்லாம் உன்னைப் பற்றித்தான். பதினாலாவது மாடி, வீட்டில் எல்லாம் தானே நடக்கிறது, பக்கத்துக் கதவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாதும்மா என்று சிரித்துக்கொண்டு சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்துக் கதவைத் தட்டி, அவர்கள் பேரைக் கேட்டு எனக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
சொக்கம்மாள்