துளை போடாத துப்பாக்கிக் குழல்

நீங்கள் இல்லாத பட்டறையிலிருந்து, கூடப் பிறக்காத அண்ணனான என் பிரியமான சீனி காக்காவுக்கு,

உங்கள் லேத் மெஷின் பக்கத்தில் இன்னும் புதிதாக யாரையும் போடவில்லை. உங்களை இந்த ஷார்ஜா மண்ணிலேயே அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து இரும்பு வேலையும் என் தலையில்தான். நான் தச்சன். மரத்தைத் தட்டிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். இரும்பை மட்டும் என்னால் நம்ப முடிவதில்லை காக்கா.

இப்போது நம் முதலாளி அர்பாபுக்கு ஒரு புது ஆசை. அவருடைய அப்பா ராஸ் அல் கைமா மலைப்பக்கத்துக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். இளவயதில் கல்யாண வீடுகளில் பழைய மருந்துத் துப்பாக்கி வெடித்தவராம், குழலின் வாய்வழியாக வெடிமருந்தைக் குத்தி இறுக்கி வெடிப்பார்களே, அது. அதே மாதிரி ஒன்றை நம் பட்டறையில் செய்து விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸ் சுவரில் மாட்ட வேண்டும் என்றார் அர்பாப். லைசென்ஸ் அவர் பெயரில் வாங்கியாயிற்று. பாகங்களை மொத்தமாக ஒரு கிட்டாக வாங்கி மரக்கட்டையில் பொருத்துவது என் வேலை. எந்த கிட் என்று பார்த்துச் சொல்வதும் நான்தான்.

துபாய்க் கடையில் ஒன்று காட்டினார்கள். குழல் கண்ணாடி மாதிரி மின்னியது. கட்டைக்குப் பாலீஷ் கூடப் போட்டிருந்தது. கடைக்காரர் திருச்சிப் பக்கத்து ஆள்.

"எல்லாம் ரெடிண்ணே, ஸ்க்ரூவ முடுக்குனா போதும். நம்ம ஊருக்காரர்ட்ட பொய் சொல்வேனா?"

நான் கேட்கவே இல்லை. கேட்காமலே பொய் சொல்ல மாட்டேன் என்கிறவரை என்னவென்று நினைப்பது?

"இத வெடிக்கலாமா தம்பி?"

"டெக்கரேஷனுக்குத்தாண்ணே."

"அப்ப வெடிக்கக் கூடாதா?"

"வெடிச்சா வெடிக்கும்ணே, ஏன் வெடிக்காது?"

குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விசை இருந்தது, வெளியே மருந்து வைக்கும் சின்னக் கிண்ணமும் இருந்தது. அந்தக் கிண்ணத்திலிருந்து தீ உள்ளே போக வேண்டிய துளைதான் இல்லை. விரலால் தடவியும் பார்த்தேன், வழவழவென்று இருந்தது.

"அது ஒண்ணுமில்லண்ணே, நீங்களே ஒரு டிரில்ல விட்டு ஓட்ட போட்டுக்கங்க. சின்ன வேல."

"சின்ன வேலைன்னா செஞ்சவனே போட்டிருப்பானே?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் டீ சொல்லப் போய்விட்டார். பூ வேலை முதல் பாலீஷ் வரை பார்த்துப் பார்த்துச் செய்தவன் அந்த ஒரு துளையை மட்டும் ஏன் விட்டான் காக்கா? துளை இல்லாதவரை அது அவனுக்குச் சுவர்ப் பொருள். துளை போட்ட பிறகு குழல் வெடித்து யார் கை போனாலும், போட்டவன் பாடு. அப்படித்தான் எனக்குப் பட்டது.

அர்பாபிடம் சொன்னேன். "செல்வா, மாஃபி முஷ்கில். சுவத்துலதான தொங்கப் போகுது? ஓட்டையப் போடு, கலாஸ்" என்றார், தன் கலவை ஹிந்தியில். பிரச்சினை இல்லை, அத்தோடு முடிந்தது என்கிறார்.

"சுவத்துல தொங்குறதுக்கு ஓட்ட எதுக்கு அர்பாப்?"

கேட்ட பிறகுதான் என் நிலைமை உறைத்தது. விசா அவர் கையில். அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடையிலிருந்து பார்வைக்கு வாங்கி வந்திருந்த அந்தக் குழலைப் பெரியவர் கையில் எடுத்தார். நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். துளை இருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு மகன் கையில் திணித்து அரபியில் ஏதோ சொன்னார்.

அர்பாப் அசடு வழிந்தபடி எனக்கு ஹிந்தியில் சொன்னார்: "'பேரன் கல்யாணத்துக்கு இத நீயே வெடி, நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்குறேன்'ங்கிறார்."

சுவர், சுவர் என்றதெல்லாம் எனக்குச் சொன்ன கதைதான், மகன் கல்யாணத்தில் வெடிக்கத்தான் கேட்டிருக்கிறார் என்று அப்போது விளங்கியது. கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் வந்தது.

அர்பாப் வேறொரு கிட் வரவழைத்தார். பார்க்க அழகே இல்லை. குழல் மங்கல், கட்டை பாதி வெட்டிய முரட்டு வால்நட் மரம். மாதக்கணக்கில் செதுக்க வேண்டும். ஆனால் துளை இருந்தது, அழுத்தம் தாங்குமா என்று சோதித்ததற்கான முத்திரையும் இருந்தது. முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம்தானே? மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தும் மனம் ஆறவில்லை. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துச் சோதித்த பிறகே உளியைத் தொடுவேன் என்றேன். இந்த முறை அர்பாப் மறுபேச்சு பேசவில்லை. குழல் தேறிவிட்டது. இப்போது செதுக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். நீங்கள் இருந்திருந்தால் அந்தத் துளையைப் போட்டிருப்பீர்களா? அர்பாபுக்கு இல்லை என்று சொல்லி நான் உங்களைப் பார்த்ததே இல்லை. டிரில்லைப் பிடித்தபடி நீங்கள் நிற்பது சில வேளை கண்ணில் வந்துபோகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களையும் சந்தேகப்படும்படி ஆகிவிட்டதே என்றுதான் வருத்தம்.

வேலை முடிந்ததும் அந்த மெக்கானிக்கே தூர நின்று விசையைக் கயிற்றால் இழுத்து முதல் வெடி வெடித்துப் பார்ப்பார். நல்லபடியாக நடந்தால் அன்று மாலையே உங்களை அடக்கிய கபுருக்கு வந்து சொல்வேன். நடக்காவிட்டாலும் வருவேன். எவன் விற்றான், எவன் முத்திரை குத்தினான் என்று பெயர் சொல்லியே சொல்வேன்.

இரும்பை இன்னும் நம்பாத உங்கள் தம்பி,
செல்வராஜ்