இடது பக்கம்

மார்ச் 9
மகள் பிறந்து நான்கு நாள். காலையில் குளிக்கும்போது இடது மார்பில், அக்குள் ஓரமாக, ஏதோ ஒன்று விரலில் தட்டுப்பட்டது. உருண்டையாக, கெட்டியாக. தையல் ஆலையில் ஒன்பது வருடமாகத் துணியைத் தடவித் தடவிப் பழுது கண்டுபிடிக்கிற கை இது. தப்பாகச் சொன்னதில்லை.

அக்கா போய்ச் சேர்ந்து மூன்று வருடம். அவளுக்கும் குளிக்கும்போதுதான் தெரிந்தது. அவளுக்கும் இடது பக்கம்.

மார்ச் 10
யாரிடமும் சொல்லவில்லை. நேற்றிலிருந்து இடது பக்கம் கொடுப்பதையே நிறுத்திவிட்டேன். உள்ளே இருப்பது பாலோடு இவளுக்கும் போய்விட்டால்? முட்டாள்தனம் என்று அறிவு சொல்கிறது. அறிவை யார் கேட்கிறார்கள்.

மாமியார் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "ஏம்மா ஒரு பக்கமே குடுக்குற?"
"அவளுக்கு அதுதான் பிடிச்சிருக்கு அத்தை."
பிறந்து ஐந்து நாளில் பிடித்தமாம். அத்தை நம்பவில்லை.

மார்ச் 11
நேற்று ஒன்று. இன்று மூன்று. மார்பே இறுகி, தோல் பளபளக்கிறது. கையைத் தூக்க முடியவில்லை. பரவுதே — ஒரே நாள்ல இவ்ளோ பரவுமா?

அக்கா எட்டு மாதம் மறைத்தாள். அதற்காக அவளை நான் திட்டாத திட்டில்லை. இப்ப நான் என்ன பண்றேன்?

இவளை யார் வளர்ப்பார்கள்? என் வீட்டுக்காரர் மின்வேலை செய்பவர். குழந்தையையும் கரண்ட் கம்பியைத் தொடுகிற மாதிரிதான் தொடுகிறார்.

மார்ச் 12
காய்ச்சல். தாங்க முடியாமல் அவரிடம் சொல்லிவிட்டேன். "எனக்கும் வந்துடுச்சுங்க. அக்காவுக்கு வந்தது." அவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

பிரசவ வார்டு சிஸ்டர் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் கடைசியா எப்ப குடுத்தீங்க?" என்றார்.
"மூணு நாளாச்சு."
"ஏன்?"
சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை மறக்க மாட்டேன்.
"பால் கட்டியிருக்கும்மா. குடுக்காம நிறுத்தினதாலதான் இவ்ளோ இறுகிடுச்சு. நீங்க பயப்படுற நோய் பால்ல பாப்பாவுக்குப் போகாது."

வெந்நீரில் பிழிந்த துணியைச் சில நிமிடம் வைத்தார். பிறகு காம்பைச் சுற்றி மெல்ல அழுத்தி, கொஞ்சம் பீச்சி இளக்கினார். இறுகிக் கிடந்தால் குழந்தையால் கவ்வ முடியாதாம். எனக்கு உயிரே போயிற்று. இவள் கவ்வினாள். குடித்து முடித்ததும் குளிர்ந்த துணி.

"ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடுங்க. இறுக்கமா எதுவும் போடாதீங்க. பால் இறங்கின பிறகும் கட்டி நின்னா, காய்ச்சல் ஏறினா, அன்னிக்கே வாங்க. மறைக்காதீங்க."

மார்ச் 14
காய்ச்சல் இல்லை. இரண்டு கரைந்துவிட்டன. முதலில் தட்டுப்பட்டது மட்டும் அங்கேயே. கொடுத்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் தடவுகிறேன். சின்னதாகியிருக்கிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

மார்ச் 15
இருக்கிறது.

மார்ச் 16
காலையில் நானே சொன்னேன், "ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க."

ஸ்கேன் அறையில் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். பால் தேங்கிய இடம், வேறொன்றுமில்லை. அக்காவைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டார். வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார். போவேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், பாதி எனக்காக, பாதி அக்காவுக்காக.

மார்ச் 23
குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதுதான் ஞாபகம் வந்தது, இன்றைக்குத் தடவிப் பார்க்கவே இல்லை. திரும்பிப் போகலாமா என்று நிற்கும்போது உள்ளே இவள் அழ ஆரம்பித்தாள். சட்டையில் இடது பக்கம்தான் முதலில் நனைந்தது.