கவருக்குள் இருந்த பிரவுண் பேப்பர்

ஐயா,

உங்கள் நினைவு மலருக்கு நான் நாலு வரி எழுதித் தர வேண்டுமாம். உங்கள் மகன் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார். கூடவே ஒரு சேலை. அதைச் சுற்றியிருந்தது உங்கள் துணிக்கடையின் அதே பிரவுண் பேப்பர். பிரித்ததும் அந்தப் பசை நாற்றம் மூக்கில் ஏறியது. நாலு வரி போதாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கண்டி முழுக்க உங்களைக் கல்விக் கொடைவள்ளல் என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். கொடுத்தவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று அவர்கள் அனுப்பிய காசு, நீங்கள் தலைவராக இருந்த கல்விச் சங்கத்துக்கு உங்கள் கை வழியாக வந்தது. வந்ததில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிட்டது.

வருடாவருடம் மண்டபத்தில் விழா. மாலை, பன்னீர், போட்டோ, கவர். வாங்கிய கவரைக் கொடுத்தவர் முன்னால் பிரிப்பது எங்கள் சனத்துக்கு மரியாதைக் குறைவு. அந்த மரியாதையை நம்பித்தான் நீங்கள் தொழில் நடத்தினீர்கள். விழா முடிந்ததும் உங்கள் கணக்கப்பிள்ளை வந்து, "பேங்குல போட்டுக் குடுக்கிறோம்" என்று கவர்களைப் பிரிக்காமலே திரும்ப வாங்கிக்கொள்வார். பேங்குக்கு எவ்வளவு போனது என்று எந்தத் தாய் தகப்பன் கேட்கப் போகிறார்கள்?

எனக்குப் பத்து வயது. அம்மா கொழுந்து எடுக்கப் போகாமல், பக்கத்து லயத்தில் சேலை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, நாவலப்பிட்டியிலிருந்து என்னைக் கூட்டி வந்தார். நான் மேடையிலிருந்து இறங்கியதும் கவரைத் தன் பைக்குள் வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பிடுங்கிக் கிழித்தேன். உள்ளே மடித்த பிரவுண் பேப்பர்.

"அம்மா, காசு இல்லம்மா!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. உங்கள் முகம் கொஞ்சமும் மாறவில்லை. மைக்கைப் பிடித்தபடி சிரித்தீர்கள். "பைக்குள்ள போனதும் மாறிப்போச்சு போல. பரவாயில்ல, கஷ்டந்தான், தெரியுது." சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து நீட்டினீர்கள். சனம் கைதட்டியது. அம்மா கும்பிட்டு வாங்கினார். வேறென்ன செய்வார்? மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்திலேயே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், கவர்க்காரி என்று.

அதற்குப் பிறகு உங்கள் சங்கத்துப் பக்கம் போகாமல், அம்மா கொழுந்து எடுத்த காசில்தான் படித்தேன். கணக்காளர் ஆன பிறகு வேண்டுமென்றே அதே சங்கத்தில் சேர்ந்தேன். வவுச்சர்களைத் தேடிப் பிடித்து, காசு அனுப்பியவர்களுக்கு முறைப்பாடு எழுதினேன். அவர்கள் என்ன செய்தார்கள்? சங்கத்தின் பெயர் கெடும் என்று உங்களைத் தலைமையிலிருந்து மெல்ல இறக்கி, காப்பாளர் என்ற கௌரவப் பதவியும் பொன்னாடையும் கொடுத்தார்கள். என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். நான் போட்ட முதல் விதி, பிள்ளை மேடையிலேயே கவரைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது.

அந்த வருடம் முன்வரிசைக் கதிரையில் நீங்கள். காப்பாளருக்கும் ஒரு கௌரவக் கவர் வைத்திருந்தேன். உங்களால் மேடையேற முடியாததால் மகன் வாங்கித் தந்தார். "விதி எல்லாருக்கும் ஒன்னுதாங்க ஐயா, பிரிங்க" என்றேன். பிரித்தீர்கள். பிரவுண் பேப்பர்.

"மகன் கைக்குப் போனதும் மாறிப்போச்சு போல. பரவாயில்ல, கஷ்டந்தான், தெரியுது" என்று மைக்கில் சொல்லி, என் கைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து நீட்டினேன். சனம் கைதட்டியது. நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள். அந்தச் சுகத்தை நான் மறக்கவில்லை, மறக்கும் உத்தேசமும் இல்லை.

அம்மாவுக்கு இருந்த ஒரு பழக்கம் அன்றோடு போய்விடும் என்று நினைத்தேன். அவரைத் திருடியாக்கிய விழாவுக்குப் பிறகு வந்த பழக்கம் அது. எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தக் கடையில் ஏறினாலும், புறப்படும்போது பையை அகலத் திறந்து காட்டுவார். என் வீட்டிலும்தான். என்னம்மா இது என்று கத்தினால், "பாத்துக்க தாயி, பின்னால ஒரு பேச்சு வரக்கூடாது" என்பார்.

உங்கள் செத்த வீட்டுக்கு நான் வரமாட்டேன் என்றேன். "அதெல்லாம் தப்பு, வா" என்று அம்மாதான் இழுத்து வந்தார். உங்கள் காலடியில் பூப்போட்டார். அழவும் செய்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புறப்படும்போது வாசலில் நின்று பையைத் திறந்து உங்கள் மகனுக்கு முன்னால் நீட்டினார். உள்ளே வெற்றிலைப் பொட்டலமும் பஸ் டிக்கெட்டும் கிடந்தன.

உங்கள் மகன் குனிந்து பார்த்தார்.