அவர் பேரில் இன்னொரு நெஞ்சு

2024 ஜூன் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கரண்ட் மூன்று முறை போய் வந்தது. எங்கள் மலையூர் செம்மநத்தத்தில் சிக்னல் கிடைக்காது என்றுதான் ஒண்டிக்கடைப் பக்கம் வாடகைக்கு வந்தோம். இங்கே சிக்னல் இருக்கிறது, கரண்ட் இல்லை. நல்லா வாய்த்தது எனக்கு!

என் வேலை என்னவென்று மாமியாருக்கு இன்னும் விளங்கவில்லை. அமெரிக்காவில் ஒரு துறைமுக ஊர். பெரிய யுத்தம் முடிந்த காலத்தில் அங்கே எப்படிப் பிழைத்தீர்கள் என்று வயசானவர்களிடம் கேட்டுப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பேச்சை மிஷின் எழுத்தாக்குகிறது, தப்பும் தவறுமாக. நான் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து திருத்துகிறேன். "வெள்ளைக்காரங்க ஊட்டுப் பேச்ச ஒட்டுக் கேக்கறதுக்குச் சம்பளமா கண்ணு?" என்கிறார். ஆமாம், அதேதான்.

இன்று ஒரு அம்மாள், மீனை டப்பாவில் அடைக்கிற ஆலையின் சங்கைப் பற்றிப் பேசினாள். ஆலைக்கு ஆலை சங்கின் சத்தம் வேறாம். படகு எந்நேரம் வந்தாலும் ஊதுவார்களாம். தன் ஆலைச் சங்கு என்றால் தூக்கத்திலேயே தெரியுமாம், பாதிச் சமையலில் அடுப்பை அணைத்துவிட்டு வேலைக்கு ஓடுவார்களாம். தலையில் போகாத மீன் வாடையோடுதான் கல்யாணமே நடந்ததாம். நான் கடலை வாழ்க்கையில் ஒரே முறை பார்த்திருக்கிறேன். அந்த ஊர்த் தெருக்களோ எனக்குச் சேலத்துத் தெருக்களைவிட நன்றாகத் தெரியும்.

அவர் ஏழரை மணிக்கு வந்தார். கண் இமையெல்லாம் வெள்ளை. கீர்த்திகா இன்றும் "அப்பா பவுடர் போட்டுட்டு வந்திருச்சு" என்று குதித்தாள். மலைக்குக் கீழே வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கிற மில். எட்டு வருடமாகப் போகிறார். இருமல் இந்த வாரம் கொஞ்சம் அதிகம். பனிதான் காரணம். மிளகுக் கஷாயம் வைத்தேன்.

ஜூன் 19, புதன்

மில்லில் எல்லோரும் எக்ஸ்ரே எடுத்து வர வேண்டுமாம். ஸ்லிப் கொடுத்துவிட்டார்கள். மூன்று வருடம் முன்னால் இப்படித்தான் எடுத்தார்கள். நெஞ்சில் கறை என்று வந்த இரண்டு பேரை மறு வாரமே நிறுத்தினார்கள். மருந்து கிடையாது, விசாரிப்பு கிடையாது. ஊட்டுக்குப் போ, அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் கோவிந்தராஜ் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க பிரபாகர், பனி இருமலக் கொறச்சுக்கிட்டுப் போய் எடுங்க" என்றாராம். என்ன கரிசனம்!

கஷாயம் மூன்று வேளையாக்கினேன். ஒன்றும் குறையவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

யோசனை என்னுடையது. அதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் யார் தலையிலும் போட்டுவிடக் கூடாது.

நவீன் சாப்பிட வந்திருந்தான். என் தம்பி. டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். பீடி சிகரெட் கிடையாது. கீழே இருந்து கேஸ் சிலிண்டரை ஒரே மூச்சில் மேலே தூக்கி வந்து வைத்தான். மூச்சு வாங்கவே இல்லை. நான் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாளைக்கு டிரிப் இருக்குதா சாமி?"

"இல்லக்கா, ஏன்?"

"மாமா பேருல ஒரு போட்டோ எடுத்துட்டு வரணும். நெஞ்சு போட்டோ."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்துவிட்டான். "மூஞ்சி உழாதில்ல? அப்பச் சரி."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கை கழுவிவிட்டு வந்து ஸ்லிப்பை எடுத்து நவீன் சட்டைப் பையில் வைத்தார்.

ஜூன் 24, திங்கள்

எடுத்தாயிற்று. பேர் கேட்டார்களாம், வயசு கேட்டார்களாம், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்களாம். நன்றாக இழுத்துப் பிடித்தானாம்.

ஜூலை 8, திங்கள்

நெஞ்சு சுத்தம் என்று ரிப்போர்ட். கறிக்குழம்பு வைத்தேன். அவர் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். நடுவில் இருமல் வந்தது. "பனிதான் லதா. அதான் ரிப்போர்ட்டே சொல்லிருச்சே" என்றார்.

சிரித்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவரே நம்பிவிட்டார்.

அக்டோபர் 14, திங்கள்

இன்று ஒரு புது ஒலிப்பதிவு. பேசுகிறவர்களுக்குப் பெயர் போடக் கூடாது, எண்தான். இந்த அம்மாளின் எண் நாற்பத்தொன்று.

புருஷன் கப்பல் கட்டும் இடத்தில் குழாய்களுக்கு மேல் வெள்ளைக் கல்நார்ச் சுற்று சுற்றுகிறவன். உடம்பெல்லாம் வெள்ளையாக வருவான். பிள்ளைகள் பனி கொட்டுகிறது என்று கை தட்டுமாம். தினமும் அவன் கோட்டைப் பின்கட்டில் உதறிப் போடுவது இவள் வேலை. இருமல் வந்தபோது கடல் மூடுபனியால் என்றார்களாம். அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லோருக்கும் அதே மூடுபனி.

பேச்சில் யார் இருமினாலும் அதையும் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. நாற்பது நிமிடத்தில் முப்பத்தாறு இடத்தில் எழுதினேன். புருஷன் இல்லை, இருமுவது இந்த அம்மாள். இவள் ஏன் இருமுகிறாள்? கப்பல் கட்டும் இடத்துக்கு இவள் ஒரு நாளும் போனதில்லையே?

சாயங்காலம் அவர் சட்டையை உதறப் பின்னால் போனேன். கீர்த்திகா எப்போதும் போல ஓடி வந்து, புகை வரும் என்று முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். சட்டையை அப்படியே வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கினேன். "ஏம்மா உதறல?" என்று கேட்டு அழுதாள். 

அவரிடம் சொன்னேன். "அது அமெரிக்கா லதா. நம்ம ஊருப் பனி வேற" என்றார்.

நவம்பர் 18, திங்கள்

சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டு ஏற்றம் ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக்காரர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். இன்று கீழே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

புது எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. டாக்டர் பழைய படம் இருக்கிறதா என்று கேட்டார். மில் ஃபைலில் இருந்ததைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். நானே எடுத்து நீட்டினேன். நானே!

டாக்டர் இரண்டையும் வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். "ஜூன்ல இவ்வளவு சுத்தமா இருந்திருக்கு. கல் தூசியா இருந்தா வருஷக்கணக்குல மெதுவாத்தான் வரும். அஞ்சு மாசத்துல இப்படி ஆகாது. சளியில கிருமி தெரியல, ஆனாலும் டிபியாத்தான் இருக்கணும். மாத்திரை ஆரம்பிச்சிருவோம்" என்றார்.

மேஜைக்குக் கீழே இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். வலிக்கிற மாதிரி.

"வேலைக்குப் போலாங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டுப் போங்க."

நான் வாயைத் திறக்கவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

மாத்திரை போட்டதிலிருந்து ஒன்றுக்குப் போனால் ஆரஞ்சு நிறம். காலையில் வாந்தி. எடை ஐம்பத்தொன்று. இல்லாத வியாதிக்கு மருந்து தின்கிறார், என் தம்பி நெஞ்சை நம்பி.

டிசம்பர் 5, வியாழன்

மறுபடி மில்லுக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 19, வியாழன்

நாற்பத்தொன்றாம் அம்மாளின் கடைசிப் பகுதி.

கம்பெனி டாக்டர் பார்க்க வந்த நாளைச் சொல்கிறாள். முந்தின நாள் முழுக்கப் புருஷனைப் படுக்க வைத்துத் தேன் கொடுத்தாளாம். காலையில் அவன் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டாளாம், கன்னத்தைத் தட்டிச் சிவக்க வைத்தாளாம். ஆள் திடகாத்திரமாகத் தெரிய வேண்டுமே. டாக்டரும் சரி என்று எழுதிவிட்டார். அதன் பிறகு பதினெட்டு மாதம்தான் இருந்தான்.

பேட்டி எடுக்கிறவர், உங்களுக்கு அப்போது தெரியாதல்லவா என்று கேட்கிறார். சமாதானம் சொல்கிற மாதிரி.

அந்த அம்மாள் இருமினாள், அதையும் எழுதினேன். பிறகு, தெரியும் என்றாள். தெரிந்துதான் இஸ்திரி போட்டேன் என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வரி ஓடவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 20, வெள்ளி

சண்டை. இந்த வீட்டில் இப்படி ஒரு சண்டை நடந்ததில்லை.

"டாக்டர்கிட்ட நெசத்தச் சொல்லீரலாமுங்க" என்றேன்.

"சொன்னா மில்லு போச்சு. நவீன் மாட்டுவான். நீயும் மாட்டுவ. அப்பறம் புள்ளைய யாரு பாக்கறது, அந்த டாக்டரா?"

"நீங்க இல்லீன்னா யாருங்க பாக்கறது?"

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார், இருமினார், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உனக்கு நொம்பப் படிச்ச திமிரு" என்றார். அதை இருமலுக்கு நடுவில் நான்கு தவணையாகச் சொன்னார். கோபப்படுவதா அழுவதா? இரண்டும்தான் வந்தது.

2025 ஜனவரி 7, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அவர் மில்லுக்குப் போன பிறகு, அடுத்த பஸ்ஸில் தனியாக மலை இறங்கினேன்.

பஸ் திருப்பத்துக்குத் திருப்பம் ஒத்திகை பார்த்தேன். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. "அந்த ஜூன் மாசப் படம் அவருதில்லைங்க. என் தம்பியோடது. நாந்தான் அனுப்பி வெச்சனுங்க" என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை வருஷமா கல் மில்லுல?" என்றார். எட்டரை என்றேன். "எட்டரை" என்று அவரும் சொல்லிக்கொண்டார்.

பிறகு எல்லாம் சொன்னார். இன்னும் ஒரு ஸ்கேன், ஒரு டெஸ்ட், டிபி இல்லை என்று உறுதியானால் மாத்திரையை நிறுத்திவிடலாம். தூசியால் வந்ததற்கு மருந்து கிடையாது. போன நெஞ்சு போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றலாம். "அவர் இன்னைக்கு எங்கே?" என்றார்.

"மில்லுலங்க."

"நாளையிலிருந்து வேண்டாம்மா. ஒரு நாள்கூட வேண்டாம்."

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். ஏழு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, என்ன ஜென்மம் நான்!

ஜனவரி 8, புதன்

காலையில் சொன்னேன். அவர் கத்தவில்லை. மில்லுக்குப் போய்த் தானே எல்லாவற்றையும் சொன்னாராம். அவர்கள் ஃபைலைப் பிரித்து, ஜூனில் சுத்தமாக இருந்திருக்கிறாய், மற்ற கதையெல்லாம் எங்களுக்கு வேண்டாம், வந்தது வேறு எங்கேயோ வந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் நவீனிடம்தான் சொன்னார், என்னிடம் பேசவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சாப்பிட்டார். பேசவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

டிபி இல்லை என்று எழுதிக் கொடுத்தாயிற்று. மாத்திரை நின்றதும் வாந்தி நின்றது. எனக்கும் கீர்த்திகாவுக்கும் எக்ஸ்ரே எடுத்தேன், எங்கள் சொந்தப் பேரில், எங்கள் சொந்த நெஞ்சு. ஒன்றும் இல்லை.

நவீன் ஒரு கடிதம் எழுதி லேபர் ஆபீசில் கொடுத்திருக்கிறான். ஜூனில் எடுத்த படம் என் நெஞ்சு, மாமாவுடையது அல்ல, வியாதி மில்லில்தான் வந்தது என்று. உனக்கு வில்லங்கம் வருமே என்றேன். "வரட்டும்க்கா. சிரிச்சுக்கிட்டே போய் எடுத்தேன் பாரு, அதுதான் அறுக்குது" என்றான்.

இவரோ கீர்த்திகா மூலமாகத்தான் பேசுகிறார். "அம்மாகிட்டத் தண்ணி கேளு கண்ணு." நான் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன். குழந்தை இதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு ஓடி ஓடி வருகிறாள். அவருடைய நிஜப் படம் பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது. ஒரு தரம்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

மத்தியானம் சுதாராணி வந்தாள். மில்லில் இவர் பக்கத்து மிஷினில் நிற்கிற சித்தனின் பெண்டாட்டி. தலைச்சோலையிலிருந்து ஒரு சீப்பு மலை வாழைப்பழம் கொண்டுவந்திருந்தாள். இவருக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்தாள் என்றுதான் நினைத்தேன். டீ குடித்தாள். டம்ளரைக் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்கக் கூடாது. மில்லுல எங்க ஊட்டுக்காரர மறுபடி எக்ஸ்ரே எடுத்துட்டு வரச் சொல்றாங்க. அவரும் இருமறாரு. ஸ்லிப்பு மட்டும்தான் பாக்கறாங்களாம். உங்க தம்பிய ஒரு நாளைக்கு அனுப்பி வெப்பீங்களா?"

 திட்டலாம் என்றால் எந்த வாயால் திட்டுவது? ஜூனில் நான் கேட்டதைத்தான் அவள் கேட்கிறாள். என்னைவிட மரியாதையாகவே கேட்கிறாள்.

உள்ளே பீரோ நகரும் சத்தம். அவர் வந்தார். நான்கு எட்டு நடந்ததற்கே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கையில் அந்தப் படம். உறையைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதலில் அவரே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். புள்ளிகள் அவர் முகத்தில் விழுந்தன.

"இதுதான் என்னோடதுங்க. மொதல்லயே என் நெஞ்சக் காட்டியிருந்தா இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். சித்தன்கிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்க" என்று அவளிடம் கொடுத்தார். சுதாராணி அதை வாங்கவும் பயந்து, வேண்டாம் என்று சொல்லவும் பயந்து, மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அவர் சுவரோரமாக மெல்ல உட்கார்ந்தார். மூச்சு அடங்கும்வரை பொறுத்தார். கீர்த்திகா அங்கேதான் இருந்தாள், அவளைக் கூப்பிடவில்லை.

"லதா, நாளைக்குச் சித்தனக் கூட்டிக்கிட்டு நாம ஆஸ்பத்திரிக்குப் போலாம். டாக்டர்கிட்ட நீயே பேசு."

ஐம்பத்து மூன்று நாள் ஆயிற்று என் பேரை அவர் வாயால் கேட்டு. சரிங்க என்றேன்.